மலை இல்லாத மலையூரில் இருந்து ஏற்காட்டுக்கு!

விருத்தாசலத்துக்குப் பழைய பெயர் என்ன தெரியுமா?

திருமுதுகுன்றம்! பழமலை என்றும் சொல்வார்கள். ‘விருத்தம்’ என்றால் முதுமை. ‘அசலம்’ என்றால் மலை. மூன்று பெயருக்கும் பொருள் ஒன்றுதான்: பழைய மலை.

ஆனால், ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தாலும் மலை கண்ணில் படாது! இறைவனே மலையாக நின்ற இடம் இது என்று தல புராணம் கூறுகிறது. கோவிலில் குடிகொண்ட சிவபெருமானுக்கும் பழமலைநாதர் என்றே பெயர்.

பெயரில் மலை இருந்து என்ன செய்வது? சித்திரை, வைகாசி வெயிலில் தலைக்கு மேல் நிழல் தர மலை இல்லை. குளிர்ந்த காற்றும் இல்லை.

விருத்தாசலத்துக்குக் கிழக்கே இருக்கிறது கம்மாபுரம். நெல்லும் கரும்பும் விளையும் ஊர்ப்பக்கம். ஒருபுறம் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி. இன்னொரு புறம் விருத்தாசலத்தின் பீங்கான் சூளைகள். அகல் விளக்கு, பொம்மை, மின்சார பியூஸ் கட்டை என்று களிமண் அங்கே பல உருவம் எடுக்கிறது. சூளைக்குள் வெப்பம் 1,200 டிகிரி வரை போகும். வெளியே கோடையில் 100 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டும். உள்ளேயும் நெருப்பு, வெளியேயும் நெருப்பு!

பள்ளிக்கூடம் மூடியதும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “குளிர்ச்சியான ஊருக்கு எப்போது போகலாம், அப்பா?”

ஊட்டி தூரம். கொடைக்கானலில் கூட்டம். பக்கத்திலேயே ஓர் அமைதியான மலை இருக்கிறது. அதுதான் ஏற்காடு!

ரெயிலிலே மலைகள்

கம்மாபுரத்தில் பஸ் ஏறினால் விருத்தாசலம். அங்கே இருந்து சேலத்துக்கு ரெயில். முன்பு இது மீட்டர் கேஜ் பாதை. இப்போது அகலப் பாதை.

சின்னசேலத்தைத் தாண்டியதும் பிள்ளைகளை ஜன்னல் ஓரம் உட்கார வைக்க வேண்டும். வலது பக்கம் நீலமாக எழுந்து நிற்பது கல்வராயன் மலை. இடது பக்கம் தள்ளித் தெரிவது பச்சை மலை. நடுவே ஓடும் பள்ளத்தாக்கில்தான் ரெயில் போகிறது. தலைவாசல், ஆத்தூர், வாழப்பாடி என்று ஊர்கள் வரும். மரவள்ளித் தோட்டங்களும் பாக்குத் தோப்புகளும் வரும்.

கல்வராயன் மலையைப் பார்த்து விருத்தாசலத்துக்காரர்கள் ஒரு கும்பிடு போடலாம். ஏன் தெரியுமா? விருத்தாசலம் கோவிலைத் தொட்டு ஓடும் மணிமுத்தாறு பிறப்பது இந்த மலையில்தான்! சுந்தரர் 12,000 பொன்னைப் போட்டுவிட்டு, திருவாரூர் குளத்தில் எடுத்தாராமே, அதே ஆறு. ஊருக்குள் மலை இல்லை. ஆனால் மலையின் தண்ணீர் ஊருக்குள் வருகிறது.

வேடிக்கை என்னவென்றால், சேலத்துக்கும் ஒரு மணிமுத்தாறு உண்டு. அதற்குத் திருமணிமுத்தாறு என்று பெயர். அது பிறப்பது ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைத் தொடரில். சேலம் நகரைக் கடந்து, நாமக்கல் பக்கம் போய்க் காவிரியில் கலக்கிறது. ஒரே பெயரில் இரண்டு ஆறுகள். இரண்டுக்கும் தாய்வீடு மலைதான்.

20 கொண்டை ஊசி வளைவுகள்

சேலத்தில் இருந்து ஏற்காடு சுமார் 30 கிலோ மீட்டர். பஸ்சில் போனால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அடிவாரத்துக்குப் போகும் வழியில் வெள்ளை வெளேர் என்று ஒரு மேட்டு நிலம் தெரியும். அது சுண்ணாம்பு அல்ல. மாக்னசைட் என்னும் தாது. நெருப்புக்கு அஞ்சாத கல்! எத்தனை சூட்டிலும் உருகாமல் நிற்கும் உலைச் செங்கல் செய்ய இது வேண்டும். சூளை வேலை தெரிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பிறகு மலை ஏற்றம். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணிக்கொண்டே வரலாம். எண்ணி முடிப்பதற்குள் காதுக்குள் ‘கும்’ என்று அடைக்கும். எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும். தலை சுற்றுகிறவர்கள் கையில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்திருப்பது நல்லது.

மேலே போகப் போகக் காற்று மாறும். வேர்வை அடங்கும். ஏன் குளிர்கிறது? சூரியனுக்குப் பக்கத்தில் போகிறோமே, சூடு கூட அல்லவா வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கலாம்.

வெயில் நேராகக் காற்றைச் சூடாக்குவது குறைவு. முதலில் நிலம் சூடாகிறது. நிலத்தின் சூடுதான் காற்றுக்கு ஏறுகிறது. அந்தக் காற்று மேலே எழும்பும்போது விரிகிறது. விரிந்தால் குளிர்கிறது. 1,000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 அல்லது 7 டிகிரி சென்டிகிரேடு குறையும். ஏற்காடு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர் உயரம். அதாவது 5,000 அடி! சேலத்தில் அனல் அடிக்கும் நாளிலும் இங்கே சட்டை நனையாது.

ஏரியும் காடும்

ஏரி, காடு. இரண்டும் சேர்ந்து ஏற்காடு ஆயிற்று என்பார்கள். பஸ்சை விட்டு இறங்கியதும் ஏரி கண்முன் நிற்கிறது. படகு விடுகிறார்கள். காலையில் தண்ணீரின் மேல் பனி மூட்டம் படர்ந்திருக்கும். எதிர்க்கரை தெரியாது. துடுப்பின் சத்தம் மட்டும் கேட்கும்.

ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் கிளியூர் அருவி. சுமார் 300 அடி உயரத்தில் இருந்து விழுகிறது. மழைக் காலத்தில் போனால் ஆரவாரம். கோடையில் போனால் நூல் போல ஒழுகும். சில ஆண்டு அதுவும் இராது. அருவிக்கு இறங்குவது எளிது. ஏறுவதுதான் கடினம். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் மேலே இருந்து பார்ப்பதே நல்லது.

மாலையில் எல்லோரும் கூடும் இடம் சீமாட்டி இருக்கை. வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருத்தி இங்கே உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்த்துக்கொண்டிருப்பாளாம். அதனால் அந்தப் பெயர். இருட்டியதும் கீழே சேலம் நகரம் முழுவதும் விளக்கு மயம். கார்த்திகை தீபம் ஏற்றியது போல இருக்கும். வானம் தெளிவாக இருந்தால் மேட்டூர் அணையும் தெரியும்.

இந்திய தாவரவியல் அளவைத் துறை 1963-ல் இங்கே ஓர் ஆர்க்கிட் தோட்டம் அமைத்தது. மரத்தில் ஒட்டி வளர்ந்து பூக்கும் செடிகள் அங்கே உண்டு. பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடியும் உண்டு. அதைப் பார்த்த பிள்ளைகள் வீடு திரும்பும் வரை அதையேதான் பேசுவார்கள்.

மன்றோவா, காக்பர்னா?

ஏற்காட்டைக் கண்டவர் யார்?

“1842-ல் கவர்னர் தாமஸ் மன்றோ கண்டுபிடித்தார்” என்று பல பயணக் குறிப்புகளில் எழுதி இருக்கிறார்கள். இது நடக்கவே முடியாத காரியம்! மன்றோ சென்னைக் கவர்னராக இருந்தது 1820 முதல் 1827 வரை. அந்த 1827-லேயே, பட்டிக்கொண்டா என்னும் ஊரில் காலரா கண்டு இறந்துபோனார். இறந்து 15 ஆண்டு கழித்து எப்படி மலை ஏறுவார்?

நடந்தது இதுதான். 1792-ல் திப்பு சுல்தானுடன் நடந்த உடன்படிக்கையில் சேலம் பகுதி வெள்ளையர் கைக்குப் போயிற்று. பிறகு 1820-களில் சேலம் கலெக்டராக இருந்தவர் எம்.டி.காக்பர்ன். இவர்தான் மலை மேல் வீடு கட்டினார். காப்பிச் செடி நட்டார். பேரிக்காய், ஆப்பிள் போன்ற சீமைப் பழ மரங்களையும் வைத்துப் பார்த்தார். ‘ஏற்காட்டின் தந்தை’ என்று இவரைச் சொல்வது அதனால்தான்.

அந்தக் காலத்தில் மோட்டார் இல்லை. நல்ல பாதையும் இல்லை. துரைமார்கள் குதிரையில் ஏறினார்கள். சீமாட்டிகளையும் குழந்தைகளையும் டோலியில் வைத்து ஆட்கள் தூக்கினார்கள். தூக்கியவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

மூன்று அண்ணன் தம்பிகள்

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். காக்பர்ன் வருவதற்கு முன் மலையில் யாரும் இல்லையா?

இருந்தார்கள்! மலையாளிகள் என்னும் மலைவாழ் மக்கள். கேரளத்து மலையாளிகள் அல்லர். மலையை ஆளுகிறவர்கள் என்பதால் அந்தப் பெயர். பேசுவது தமிழ்.

அவர்களிடம் ஒரு கதை வழங்குகிறது. காஞ்சிபுரத்தில் இருந்து மூன்று அண்ணன் தம்பிகள் புறப்பட்டார்களாம். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன். மூத்தவன் சேர்வராயன் மலைக்கு வந்தான். மற்ற இருவரும் கொல்லி மலை, பச்சை மலைப் பக்கம் போனார்கள். மூன்று மலைகளிலும் இன்று வாழ்கிற மக்கள் அவர்கள் வழி வந்தவர்கள் என்பது அந்தக் கதை.

சாமை, தினை, கேழ்வரகு விதைத்தார்கள். காடுதான் அவர்களுக்குக் கழனி. காப்பித் தோட்டங்கள் பரவப் பரவ அந்தக் காடு குறுகியது. நேற்று விதைத்த இடம் இன்று துரையின் தோட்டம் ஆயிற்று. சொந்தமாகப் பயிர் செய்தவர்களில் பலர் கூலிக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போனார்கள்.

இன்று ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடி மக்களுக்காக ஒதுக்கப்பட்ட தொகுதி. தமிழ்நாட்டில் அப்படி ஒதுக்கப்பட்டவை இரண்டே இரண்டு. மற்றொன்று சேந்தமங்கலம்.

ஒரு தம்ளர் காப்பி

காலையில் குடிக்கிற காப்பிக்குப் பின்னால் எத்தனை வேலை இருக்கிறது என்று ஏற்காட்டில் பார்க்கலாம்.

காப்பிச் செடிக்கு நேர் வெயில் ஆகாது. நிழல் வேண்டும். அதற்காக உயர்ந்த மரங்களை விட்டு வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த சில்வர் ஓக் மரங்களையும் நட்டிருக்கிறார்கள். அந்த மரத்தில் மிளகுக் கொடி ஏறுகிறது. கீழே காப்பி, மேலே மிளகு. ஒரே நிலத்தில் இரண்டு வருமானம்!

கோடை மழைக்குப் பின் காப்பி பூக்கும். மல்லிகை போன்ற வெள்ளைப் பூ. மணமும் மல்லிகை போலவே. ஆண்டின் முடிவில் பழம் சிவக்கும். பழுத்ததை மட்டும் பார்த்துக் கையால் பறிக்க வேண்டும். தோலை நீக்கி, கழுவி, உலர்த்தி, வறுத்து, அரைத்த பிறகுதான் தம்ளருக்கு வருகிறது. விரல் நோகப் பறிப்பவர்களில் பெண்களே மிகுதி.

பழமொழி சேர்த்த பாதிரியார்

தமிழ் படிக்கிற எவரும் ஏற்காட்டில் நினைக்க வேண்டிய ஒருவர் உண்டு. அவர் பெயர் பீட்டர் பெர்சிவல்.

பிறந்தது இங்கிலாந்து. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் நடத்தினார். விவிலியத்தைத் தமிழில் மொழிபெயர்த்தபோது அவருக்குத் துணை நின்றவர் யார் தெரியுமா? ஆறுமுக நாவலர்! மதம் வேறாக இருந்தும், தமிழுக்காக இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். பிறகு பெர்சிவல் சென்னைக்கு வந்தார். 1855-ல் ‘தினவர்த்தமானி’ என்ற தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கினார். மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார்.

பாட்டிமார் வாயில் வழங்கிய பழமொழிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தார். 1874-ல் வந்த அவருடைய நூலில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகள் இருக்கின்றன. அவர் எழுதி வைக்காவிட்டால் எத்தனை பழமொழிகள் பாட்டிமாரோடு போயிருக்குமோ!

முதுமையில் அவர் தேடி வந்த ஊர் ஏற்காடு. 1882-ல் இங்கேயே காலமானார்.

ஒரு கல் சொன்ன கதை

பெர்சிவலின் மருமகன் ஒருவர். அவர் பெயர் ராபர்ட் புரூஸ் பூட். நிலவியல் அளவைத் துறையில் 1858-ல் வேலைக்குச் சேர்ந்தவர். பாறையும் மண்ணும் பார்ப்பது அவர் தொழில்.

1863-ம் ஆண்டு, மே மாதம் 30-ந் தேதி. சென்னைக்கு அருகே பல்லாவரம். சரளை வெட்டிய குழி ஒன்றில் பூட் ஒரு கல்லைக் கண்டார். அப்போது அவருக்கு வயது 28.

சாதாரணக் கல்லாக இருந்தால் தாண்டிப் போயிருப்பார். ஆனால் அதன் ஓரங்களில் சில்லுச் சில்லாகத் தட்டிய அடையாளம் இருந்தது. மழையும் காற்றும் அப்படித் தட்டாது. மனிதன் கைதான் தட்டும்! அது பழங்கற்காலக் கைக்கோடரி.

இந்தியாவில் அவ்வளவு பழங்காலத்திலேயே மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அந்தக் கல் சாட்சி ஆயிற்று. அதே ஆண்டு அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் கிடைத்தன. 2011-ல் அறிஞர்கள் அங்கே கிடைத்த கருவிகளின் வயதைக் கணக்கிட்டார்கள். சுமார் 15 லட்சம் ஆண்டுகள்! தமிழ் மண்ணில் மனித வாழ்க்கை எத்தனை பழையது என்று உலகம் அறிந்தது.

ஓய்வு பெற்ற பின் பூட் குடியிருந்த ஊர் ஏற்காடு. இந்த மலையிலும் புதிய கற்காலத்தின் வழவழப்பான கல் கோடரிகள் கிடைத்தன. மலைக் கிராமத்து மக்கள் அவற்றைக் கோவிலில் வைத்துப் பிள்ளையாராகக் கும்பிட்டு வந்தார்கள். ஆண்டு தெரியாது, செய்தவன் பெயர் தெரியாது. ஆனால் அது முன்னோர் கைப்பட்ட கல் என்பதுபோல மரியாதை மட்டும் இருந்தது.

அவர் வாழ்நாள் முழுவதும் சேர்த்த பொருள்களைச் சென்னை அருங்காட்சியகம் 1904-ல் வாங்கியது. 1912 டிசம்பரில் கல்கத்தாவில் பூட் காலமானார். அவருடைய அஸ்தி ஏற்காட்டுக்கு வந்தது. தூய திரித்துவ ஆலயத்தில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. ஏரியைப் பார்க்கப் போகிற கூட்டத்தில் அங்கே போகிறவர் சிலரே.

பாறை மண்ணாகும் மலை

சேர்வராயன் மலையின் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். பல்லாவரம் குன்றுகளில் இருப்பதும் இதே வகைப் பாறைதான்.

பல லட்சம் ஆண்டு மழையில் ஊறி, மலை உச்சியில் பாறை மக்கியது. கரையக் கூடியது கரைந்து போயிற்று. மிஞ்சியது சிவந்த மண். அதில் அலுமினியத் தாதுவான பாக்சைட் இருக்கிறது. மேட்டூரில் 1965-ல் தொடங்கிய அலுமினிய ஆலைக்காக அதை இங்கே வெட்டினார்கள். 2008-ல் அந்த ஆலையின் உலைகள் நின்றன. ஆனால் வெட்டிய மலை வளராது. மேல் மண் போனால் மரம் வருவதற்கு ஒரு தலைமுறை போதாது. மண்ணை நம்பிப் பிழைக்கிற கம்மாபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவை இல்லை.

சேர்வராயன் சன்னதி

ஏற்காட்டை விட்டு இன்னும் மேலே ஏறினால் சேர்வராயன் கோவில். உயரம் 5,326 அடி. கோபுரம் இல்லை. ஒரு குகைதான் கோவில். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். அந்தக் குகை காவிரி ஆறு வரை போகிறது என்பது மக்கள் நம்பிக்கை. மே மாதத்தில் திருவிழா. மலைக் கிராமங்கள் அத்தனையும் திரண்டு வரும்.

அதே மே மாதத்தில் அரசின் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும். கூட்டம் பிடிக்காதவர்கள் அந்த நாட்களைத் தவிர்க்கலாம். ஆடி, ஆவணியில் போனால் மலை பச்சையாக இருக்கும். சத்தமும் குறைவாக இருக்கும்.

போகிறவர்கள் கவனிக்க!

கோடையில் போனாலும் ஒரு கம்பளிச் சட்டை வேண்டும். இரவில் குளிரும்.

குரங்குக்குத் தின்பண்டம் போடக் கூடாது. கொடுத்துப் பழக்கினால் அது பிடுங்கப் பழகும்.

வளைவுகளில், மேலே ஏறி வரும் வண்டிக்கு வழி விட வேண்டும்.

பிளாஸ்டிக் பையைச் சரிவில் வீசினால் மழை அதை ஏரிக்குக் கொண்டு போகும். ஏரியில் இருந்து அருவிக்குப் போகும். அருவியில் இருந்து கீழே உள்ள ஊர்களுக்குப் போகும். மலையில் செய்த பிழையைச் சமவெளிதான் அனுபவிக்கும்.

மாலை ரெயிலில் திரும்பும்போது கல்வராயன் மலை இடது பக்கம் வரும். இருட்டில் கறுப்பாகத் தெரியும். பிள்ளைகள் மடியில் தூங்கிப் போயிருப்பார்கள்.

காலையில் எழுந்ததும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லலாம். ஊர் ஓடையிலும் வயல் வரப்பிலும் கிடக்கும் கல்லைக் காலால் எற்றும் முன், ஒரு தடவை குனிந்து பார்க்கட்டும். ஓரத்தில் தட்டிய அடையாளம் இருந்தால் ஆசிரியரிடம் காட்டட்டும். பல்லாவரத்துக் குழியில் அன்று குனிந்து பார்த்தவர்தான் இன்று ஏற்காட்டு மலை மேல் உறங்குகிறார்!